எட்டாவது உடுப்பு

அலவத்துகொட
14.01.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் நீங்கள் எழும்பிப் போய் இன்றைக்கு ஒன்பது நாள். போன் எடுத்தால் போகுதில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சரியோடு நிற்கிறது. உங்கள் தம்பியின் போனில் எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். வத்தேகமவுக்கு பஸ் ஏறினால் வந்துவிடலாம். வந்து நின்று நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் டீச்சர், பிழை இருந்தால் சிவப்புப் பேனையை எடுக்காமல் வாசியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள். மாமியின் அலுமாரிச் சாவியைக் கேட்டீர்கள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, ஈரக் கையோடு வந்து சாவியைத் தந்தேன். கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு, "உம்மாட வெள்ளத் துணி எங்க?" என்று கேட்டீர்கள். "எந்தத் துணி மதினி?" என்றேன். நீங்கள் என் முகத்தையும் பார்க்கவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். என் தையல் வேலை உங்களுக்குத் தெரியும். சின்னப் பெண் பிள்ளைகளுக்குத் தலையிலிருந்து இடுப்பு வரை வரும் தொழுகை உடுப்பு, ஓரத்தில் ரேந்தை, அதற்கு மேல் பிள்ளையின் பெயரை ஊசியால் தைத்துக் கொடுப்பேன். பெயர் கையால் தைத்தது என்பதற்காகத்தான் அக்குறணையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்கிறார்கள். பிள்ளைகளை அனுப்பி, சோறாக்கி, வீட்டைக் கூட்டி முடித்து மத்தியான லுஹர் பாங்குக்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம்தான் எனக்கு. போன ஒக்டோபரில் நம்முடைய குர்ஆன் மத்ரஸாவில் எட்டுப் பெண் பிள்ளைகள் ஓதி முடித்தார்கள், நம் பிள்ளை அம்னாவும் ஒருத்தி. எட்டுப் பேருக்கும் உடுப்புத் தைக்க என்னிடம்தான் சொன்னார்கள். கண்டியிலிருந்து வரவேண்டிய துணி வரவில்லை, விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. மாமியின் அலுமாரியில் மிச்சம் மீதியாய்க் கிடந்த வெள்ளைத் துணி என்று நினைத்து எடுத்துவிட்டேன். அதில் ஏழு உடுப்பு வந்தது.

அது மாமி ஹஜ்ஜுக்குப் போனபோது தான் மௌத்தானால் சுற்றி அடக்கும் கபனுக்கென்று மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காய வைத்துக் கொண்டுவந்த துணி என்று நீங்கள் போன பிறகுதான் உறைத்தது. பள்ளிவாசல் ஹஸரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். உடுத்தப்படாத கபன் வாரிசுகளுக்குச் சேரும், மகளுக்கு உரிய ஹக் அதில் இருக்கிறது, அவர் மனம் பொருந்தி விட்டுக்கொடுத்து ஹலாலாக்க வேண்டும் என்றார்.

அதனால் மெஷினை மூடி வைத்துவிட்டேன். நோன்புக்கு இருபத்து மூன்று உடுப்பு தைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஹலாலாக்கும் வரை ஊசியைத் தொட மாட்டேன். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ரிப்கா


வத்தேகம
20.01.2025

ரிப்கா,

ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். வஅலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை அதிகமில்லை. பொய் நிறைய இருக்கிறது.

மிச்சம் மீதியாய்க் கிடந்த துணியா? அது பச்சை நாடாவால் கட்டி, கர்ப்பூரம் போட்டு, வெள்ளைத் தலையணை உறைக்குள் இருந்தது. உம்மா ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் அதை வெளியே எடுப்பா. வெயிலில் விரித்துவிட்டு மறுபடி மடிப்பா. மடிக்கும்போது மற்ற நுனியைப் பிடிக்க உன்னைத்தான் கூப்பிடுவா. நான் வந்திருந்த ஒரு வருசம் என் கண்ணாலேயே பார்த்தேன், நீ பிடித்துக்கொண்டு நின்றாய், உம்மா உன்னைப் பார்த்து, "நல்லா இழுத்துப் பிடி, சுருங்கினா எனக்குத்தான் குத்தும்" என்று சொல்லிச் சிரித்தா. அந்தத் துணியை உனக்குத் தெரியாதா?

அந்த டிசம்பரை மறந்துவிட்டாயா? கொரோனா என்று அம்புலன்ஸ் உம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. உங்கள் வீட்டைச் சுகாதாரப் பகுதிப் பி.எச்.ஐ. மாத்தயா பதினாலு நாள் பூட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மௌத்துச் செய்தி. கொரோனாவில் மௌத்தான யாரையும் அடக்க அரசாங்கம் விடவில்லை, எரிக்கத்தான் போகிறார்கள், குளிப்பாட்டவும் விடமாட்டார்கள், தொடவும் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. மதிலுக்கு மேலால் அந்தத் துணியை மட்டும் தா, பெட்டியின் மேலாவது போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று நான் போனில் அழுதேன். என் தம்பி மறுத்துவிட்டான். நெருப்புக்கு என் உம்மாவை உடுத்தி அனுப்பமாட்டேன் என்றான். அவன் ஆத்திரம் எனக்கு விளங்கியது. நீ பக்கத்தில் நின்றாய், உன் மூச்சு எனக்குக் கேட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ அனுப்பி வைத்தது ஒரு பிளாஸ்கும் போன் சார்ஜரும்தான்.

நான் டீச்சர் என்று நீயே எழுதியிருக்கிறாய். எட்டுப் பிள்ளைகள், ஏழு உடுப்பு என்கிறாய். மற்றது என்ன ஆனது?

ஹலாலாக்கு என்று கேட்பது லேசு. எதை ஹலாலாக்குவது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? உண்மையை எழுது. பிறகு பார்ப்போம்.

ஜஹானா


அலவத்துகொட
27.01.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வந்ததே போதும் என்று முதலில் சந்தோசப்பட்டேன். பிறகு வாசித்தேன். ஒரு கிழமையாக உங்கள் கடிதம் மாப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் தம்பி அந்தப் பக்கம் கை வைக்கமாட்டார்.

உண்மையை எழுதுகிறேன். தெரிந்துதான் எடுத்தேன்.

மாமி மௌத்தான பிறகு அந்த அலுமாரியைத் துடைப்பது என் வேலை. உங்கள் தம்பி அந்த அறைக்குள்ளேயே வரமாட்டார். நாலு வருசம், கிழமைக்கு ஒரு தரம் நான்தான் திறப்பேன். திறந்ததும் கர்ப்பூர மணம் வரும். உடுத்த வேண்டியவர் இல்லாத துணி எதற்குக் காத்திருக்கிறது என்று மனம் கேட்கும். மூடிவிட்டு வேகமாக வெளியே வந்துவிடுவேன்.

போன செப்டெம்பரில் அம்னாவுக்கு டெங்கு வந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தீர்கள். நாலாம் நாள் இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று டொக்டர் முகத்தைச் சுருக்கினார். பக்கத்துக் கட்டிலில் பிள்ளைக்குக் காவலிருந்த ஒரு பெண், யாரென்றே எனக்குத் தெரியாது, பேச்சுவாக்கில் ஒரு கதை சொன்னா. அவவின் ஊரில் ஒரு வீட்டில் தைத்து வைத்த கபன் உபயோகப்படாமல் கிடந்ததாம், அது அந்த வீட்டில் இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டதாம். அவ சொல்லிவிட்டுக் கஞ்சி குடித்தா. எனக்கு அந்த நேரத்திலிருந்து அலுமாரிதான் நினைப்பு.

அப்படி நம்புவது கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஐந்து நேரம் தொழுகிறேன். திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறேன். ஆயத்துல் குர்ஸியை ஓதி ஓதிப் பிள்ளையின் மேல் ஊதிக்கொண்டிருந்த அதே வாய்க்குள், "அந்தத் துணி, அந்தத் துணி" என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் ஈமான் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அம்னா சுகமாகி வீட்டுக்கு வந்த கிழமையில்தான் அந்த ஓடர் வந்தது. கண்டித் துணி வராமல் போகவில்லை, மதினி. சொன்ன நாளிலேயே வந்தது. நான்தான் அலுமாரியைத் திறந்தேன். வெட்டிவிட்டால் அது கபன் இல்லை, பிறகு யாரையும் தேடாது என்று நினைத்தேன். பிஸ்மி சொல்லித்தான் கத்தரி வைத்தேன். ஏழாவது உடுப்பை வெட்டி முடித்தபோது இன்னும் ஒன்றுக்குத் துணி இருந்தது. அதைப் பட்டி பட்டியாக வெட்டி அந்த ஏழுக்கும் உள்மடிப்பாக வைத்தேன்.

எட்டாவது அம்னாவுடையது. அதை நான் கண்டித் துணியில் தைத்தேன்.

இதை எழுதுவதற்குத்தான் ஒரு கிழமை பிடித்தது. ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேருக்கு அதை உடுத்திவிட்டு என் பிள்ளைக்கு மட்டும் வேறு துணி. தைக்கும்போது அதை நான் நினைக்கவேயில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்தேன். நினைத்துக்கொண்டே தைத்தேன், ஒவ்வொரு பெயரையும் வழக்கத்தை விட அழகாகத் தைத்தேன்.

மத்ரஸா முடிந்து பிள்ளைகள் நம் படலையைத் தாண்டித்தான் போவார்கள். விழாவுக்கு மறுநாளிலிருந்து ஜன்னலில் நின்று எண்ணுகிறேன். ஏழு பேரும் போய் முடியும் வரை அடுப்புப் பக்கம் போகமாட்டேன், எத்தனை நாள் சோறு அடிப்பிடித்திருக்கிறது. நவம்பரில் நஸ்லியாவின் மகள் மூன்று நாள் வரவில்லை. மூன்று நாளும் எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. கடைசியில் என்னவென்றால், அவர்கள் மடுல்கெல்லவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள்.

சில நாள் மெஷினை மூடி வைத்திருக்கும்போதும் கர்ப்பூரம் மணக்கிறது. மாமி வந்து நிற்பதாக நான் சொல்லவில்லை. மௌத்தானவர்கள் அப்படி வருவதில்லை என்று தெரியும். மணக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி உங்கள் இஷ்டம்.

ரிப்கா


வத்தேகம
03.02.2025

ரிப்கா,

வஅலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டு மனிதர் ஹபீல் கடைக்குப் போயிருந்தார், நான் தனியே இருந்து வாசித்தேன். எட்டாவது உடுப்பு என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன்னை ஏசுவதற்கு நல்ல நல்ல சொற்களாகச் சேர்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தேன். பிறகு எழும்பிப் போய் என் அலுமாரியைத் திறந்தேன், அவ்வளவையும் விழுங்கிவிட்டேன்.

நீ ஒன்று சொல்லிவிட்டாய், நானும் ஒன்று சொல்கிறேன். என்னிடம் உம்மா இருக்கிறா.

எரித்த பிறகு சாம்பலை வந்து பொறுப்பெடுக்கச் சொன்னார்கள். உங்கள் வீடு பூட்டியிருந்தது. என் தம்பி வீட்டுக்குள் இருந்துகொண்டே எரிப்பதை எதிர்த்துப் படலையில் வெள்ளைத் துணி கட்டினான், ஊரே கட்டியது. சாம்பலை வாங்கினால் எரித்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும், எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகமாட்டோம் என்று போனில் எல்லாருக்கும் சொன்னான். பத்திரிகைக்காரனிடமும் சொன்னான். அவன் சொன்னது சரி. சரியென்று தெரிந்துகொண்டே நான் போனேன். ஹபீல் வேனை வெளியே நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உள்ளே ஒரு மேசையில் மூன்று சிறிய மண்முட்டிகள் இருந்தன. ஒன்றிலும் பெயரில்லை, இலக்கம்தான். துண்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். அது உம்மாதானா என்று அன்றிலிருந்து இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அங்கே விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

நாலு வருசமாக அது என் அலுமாரியில் பழைய பாடக் குறிப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் ஸலாம் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஹபீல் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த அறையில் நான் சத்தமாகப் பேசுவதில்லை. பிள்ளைகள் சண்டை போட்டால் வெளியே போய்ப் போடுங்கள் என்கிறேன். நீ மணக்கிறது என்கிறாய், நான் உன்னை நம்புகிறேன்.

அடக்க வேண்டியதை அடக்காமல் வீட்டில் வைத்திருப்பது கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஊர் மையவாடியில்தான் அடக்க வேண்டும், வாப்பா அங்கேதான் இருக்கிறார். அதற்கு என் தம்பிக்குச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த நோன்பில் நாங்கள் உம்றாவுக்கு மக்கா போகிறோம். இதை இப்படி வைத்துவிட்டு அந்த மண்ணை மிதிக்க என்னால் ஏலாது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உன்னிடம் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு போய், உம்மாவை அதில் சுற்றி, ஹஸரத்திடம் மட்டும் சொல்லி அடக்குவதாக இருந்தேன். தம்பியின் ஹக்கை நானும் கேட்காமல் எடுக்க வந்தவள்தான். அலுமாரி வெறுமையாக இருந்தது. என் கோபத்தில் பாதி அதுதான்.

இரண்டு காரியம் செய். ஒன்று, உன் புருசனிடம் சொல். இரண்டு, அந்த உடுப்புகளில் ஒன்றைத் திருப்பி வாங்கி வா. உம்மாவுக்கு இப்போது அவ்வளவு துணி தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் ஏன் கேட்கிறாய் என்று அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். உன் வியாபாரம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். உம்மாவின் துணியில் உம்மா போகட்டும், நான் ஹலாலாக்குகிறேன்.

ஜஹானா


அலவத்துகொட
13.02.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டும் செய்துவிட்டேன்.

உங்கள் தம்பிக்கு லுஹர் தொழுதுவிட்டு வந்து சோறு தின்னும் நேரத்தில் சொன்னேன். வேறு நேரம் பார்த்தால் எனக்கு வாய் வராது. சாம்பலைச் சொன்னேன், துணியையும் சொன்னேன், எட்டாவது உடுப்பையும் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அஸருக்குப் பிறகு வந்து கதிரையில் இருந்தார். நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் கத்தவில்லை. "எவ்வளவு பெரிசு?" என்று மட்டும் கேட்டார். சின்ன மண்முட்டி என்று எழுதியிருக்கிறா என்றேன். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, இவ்வளவா என்று காட்டினார். ஓம் என்று தலையாட்டினேன். அந்தக் கையைப் பிரிக்காமலேயே அழத் தொடங்கினார். மாமி மௌத்தான நேரம் அழாத மனிதர். "நான் அந்தத் துணிய குடுத்தீக்கணும்," என்றார். உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன், கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்றார்.

மறுநாள் நான் போனேன். ஒரு வீட்டில் மட்டும் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். ஒரு தாய்க்குச் சொல்லிவிட்டு மற்ற ஆறு பேருக்கும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஸும்ராவின் உம்மாவிடம் போனேன். கதிரை போட்டு இருக்க வைத்து, புதுசாய் என்ன தைக்கிறாய் என்றுதான் கதையைத் தொடங்கினா. நான் சொல்லச் சொல்ல அவவின் முகம் மாறியது. எழும்பிப் போய் உடுப்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து தந்தா. நான் அடுத்த படலையைத் திறக்கும் முன்பே செய்தி போய்விட்டது. மத்ரஸாத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். எல்லாவற்றையும் வாசித்தேன். பிறகு என்னை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும்போது ஒரு பையில் ஐந்து உடுப்பு படலையில் தொங்கியது. நோன்பு ஓடர் இருபத்து மூன்றில் இப்போது நாலுதான் இருக்கிறது. அந்த நாலும் கொழும்பு, அவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்கும் எழுதிவிட்டுத்தான் தைப்பேன், தைப்பதாக இருந்தால்.

ஏழாவது வீடு நஸ்லியாவுடையது. அவ உடுப்பைத் தரவில்லை. என்னை முழுக்கச் சொல்ல விட்டா. பிறகு, "என்ட மகள் நாலு மாசமா இதுலதான் ஸுஜூது செய்ற. ஒண்டும் ஆகல்ல. நான் இத தரமாட்டன்," என்றா. படலை வரை கூடவே வந்தா. நான் ரோட்டில் இறங்கும்போது கேட்டா: "அம்னாட உடுப்ப மட்டும் ஏன் இதுல தெக்கல்ல?"

மற்ற ஆறு பேரும் என்னென்னவோ ஏசினார்கள். இதை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் நடந்தேன். வரும் வழியெல்லாம் அவ இன்னும் படலையில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். ஆறு உடுப்பையும் கழுவி, ரேந்தையைப் பிரித்து, பெயர்த் தையலை ஒவ்வொரு நூலாக உருவினேன். நூல் வந்துவிட்டது. ஓட்டை போகவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஸும்ரா என்று வெளிச்சத்தில் வாசிக்கலாம். ஆறிலும் அப்படித்தான். வழக்கத்தை விட அழகாகத் தைத்தேன் என்று சொன்னேனே, அந்த நெருக்கத் தையல்தான். சவர்க்காரம் போட்டு, அயன் பண்ணிப் பார்த்தேன். பெயர் இல்லாத துண்டு எதுவும் முட்டியைச் சுற்றக் காணாது. எந்தப் பெயரை மாமியோடு வைப்பது? என்னால் தெரிவு செய்ய முடியவில்லை. மேசையில் ஆறையும் விரித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் தம்பி உங்களிடம் வருவதாக இருந்தார். நான்தான், மதினி எழுதட்டும், அவ சொன்ன பிறகு போங்கள் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

ரிப்கா


வத்தேகம
19.02.2025

ரிப்கா,

வஅலைக்கும் ஸலாம். தம்பியைத் தடுக்காதே, வரச் சொல். ஆனால் வெறுங்கையோடு வரச் சொல், வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்தால் எனக்குச் சிரிப்பும் வரும் அழுகையும் வரும்.

இருபத்தேழு வருசம் பிள்ளைகளின் பெயரை இடாப்பில் கூப்பிட்டவள் நான். உன் கடிதத்தை வாசித்துவிட்டு, அதிலென்ன, ஓட்டைதானே, ஒன்றை எடுத்துச் சுற்று என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஸும்ராவின் பெயரை மண்ணுக்குள் வைப்பதாக நினைத்துப் பார்த்தேன், என் கை எழுதவில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதை நம்பினாய் என்று உன்னை உள்ளுக்குள் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? நானும் அதே ஆள்தான்.

அதனால் அந்தத் துணி உம்மாவுக்கு வேண்டாம். இன்றைக்கு டவுனுக்குப் போய்ப் புதுசாய் வெள்ளை வாங்கினேன். ஸம்ஸம் துணிதான் வேண்டும் என்று அல்லாஹ் கேட்கவில்லை, உம்மாவும் இப்போது கேட்கப் போவதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அடக்குவோம். நானும் ஹபீலும் காலையிலேயே வந்துவிடுகிறோம். துணியை நீதான் அளந்து வெட்டித் தர வேண்டும், எனக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது. அந்த முட்டியை நீயும் நானும் சேர்ந்து சுற்றுவோம்.

இனி உன் விசயம். நான் ஹலாலாக்குகிறேன் என்று எழுதியிருந்தேன், உம்மாவின் துணியில் உம்மா போகட்டும் என்ற நிபந்தனையில். அந்த நிபந்தனையை நானே எடுத்துவிட்டேன். வேறொன்று வைக்கிறேன். இதை என் கோபத்தில் சொல்லவில்லை, அந்த அளவு கோபம் இப்போது என்னிடம் இல்லை.

அந்த ஆறு உடுப்பில் ஒன்றைப் பிரித்து அம்னாவுக்குத் தை.

நஸ்லியாவுக்கு நீ வாயால் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் கிடையாது. யோசித்துப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. அவவின் பிள்ளை உடுத்துவதை உன் பிள்ளையும் உடுத்தினால் அது ஒரு பதில். அம்னா என் மருமகள், அவளுக்கு ஒன்று நேர எனக்கு ஆசையா? வாழ்வும் மௌத்தும் ஒரு முழத் துணியில் இல்லை என்று நீயும் நானும் சின்ன வயதிலிருந்து ஓதுகிறோம். ஓதியதை உன் பிள்ளையின் தலையில் போட உன்னால் முடியுமா என்றுதான் கேட்கிறேன். முடியாவிட்டால் எழுது. அப்போதும் நான் உன் மதினிதான். ஆனால் மெஷினை ஏன் மூடி வைத்திருக்கிறாய் என்று அதற்குப் பிறகு என்னிடம் கேட்காதே.

போனைத் திறந்துவிட்டேன்.

ஜஹானா


அலவத்துகொட
04.03.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது கிடைக்கும்போது நீங்கள் மக்காவில் இருப்பீர்கள், திரும்பி வந்து வாசியுங்கள். போன் இருக்கிறது, நேற்றுக்கூடப் பேசினோம். ஆனால் இதை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி உங்களுக்கு எழுதத் தேவையில்லை. நாமிருவரும் சேர்ந்துதான் சுற்றினோம். நீங்கள் போன பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் தம்பி மையவாடியிலிருந்து வந்து கால் கழுவாமல் வெகுநேரம் முற்றத்தில் நின்றார். பாரமே இருக்கவில்லை என்றார். கை இரண்டையும் பார்த்துக்கொண்டு அதையே மூன்று தரம் சொன்னார். பிறகு மாமியின் அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தார். நாலு வருசத்துக்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போகிறார்.

சனிக்கிழமை மெஷினைத் திறந்தேன். ஸும்ராவின் உடுப்பைத்தான் எடுத்தேன், அதுதான் மேலே இருந்தது, தேர்ந்தெடுக்கவில்லை. அம்னாவின் அளவுக்கு வெட்டினேன். கத்தரி ஒரு இடத்தில் கோணலாகப் போய்விட்டது. அவளுடைய பெயரை ஓரத்தில் தைத்தேன். எந்தப் பிள்ளைக்கும் தைப்பது போலத்தான் தைத்தேன், கூடக் குறைய இல்லை. மிச்ச ஐந்தையும் மடித்து வைத்திருக்கிறேன், தாய்மார் ஒருவரும் திரும்பி வரவில்லை. கொழும்பு ஓடர் நாலில் இரண்டு பேர் விசயத்தை வாசித்துவிட்டும் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். போட்டுவிட எனக்குக் கை வரவில்லை. புது உடுப்பு என்று அம்னா அதை எடுத்துத் தன் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டாள். ஏன் உம்மா இதில் சின்னச் சின்ன ஓட்டை என்று கேட்டாள். முதலில் வேறு பிள்ளையின் பெயர் இருந்தது என்றேன்.

நேற்று அவள் தன் முதல் முழு நோன்பைப் பிடித்தாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு யாரும் எழுப்பாமல் எழும்பினாள். பகல் முழுக்கத் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள், விடு மகள் என்றால் கேட்கவில்லை. அஸருக்கு நான் முஸல்லாவை விரித்தபோது அந்த உடுப்பைத் தானே போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பார்க்காத மாதிரி தக்பீர் கட்டினேன்.

மூன்றாவது ரக்அத்தில் ஸுஜூதிலிருந்து நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை. ஓதிக்கொண்டே காத்தேன். என் வாய் எதை ஓதியது என்று எனக்குத் தெரியாது. வெள்ளையாக, சின்னதாக, நெற்றி தரையில் பட்டபடி அப்படியே இருந்தாள். நான் தொழுகையை முறித்துவிட்டேன், மதினி. முழங்காலில் விழுந்து அவள் முதுகில் கையை வைத்தேன். துணிக்கு மேலாலேயே சூடு தெரிந்தது. முதுகு ஏறி இறங்கியது. பிள்ளை களைத்து ஸுஜூதிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

அந்த உடுப்பை உருவி எடுக்கத்தான் என் கை போனது. கழுத்து வரை போய்விட்டது.

கையை எடுத்துக்கொண்டேன். அவளை அப்படியே தூங்க விட்டுவிட்டு எழும்பி நின்று, மறுபடியும் தக்பீர் கட்டி, நாலு ரக்அத்தையும் முதலிலிருந்து தொழுதேன்.

ரிப்கா